முழங்கால் மேடம்

எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் முழங்கால் மேடம் என்றுதான் சொல்வோம். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவரே தொலைபேசியை எடுத்து, "ஆமாங்க, முழங்கால் மேடம்தான் பேசுறேன், சொல்லுங்க" என்றார். முதலாளி குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

வெளிநாடு போய்த் திரும்பியவர் யார் எங்கள் படியேறி வந்தாலும், போன காரியம் என்ன ஆயிற்று, பிள்ளைகள் சௌக்கியமா என்று அவர் கேட்டுப் பார்த்ததில்லை. "முழங்கால் எப்படி இருந்துச்சு?" என்பார். வந்தவர் சிரித்து முடிப்பதற்குள் அட்டையையும் பேனாவையும் எடுத்து வைத்திருப்பார்.

அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி குறுகல். எதிரில் யாராவது இறங்கினால் ஏறுபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே நான்கு மேஜைகள், சுவரில் மூன்று ஊர் நேரம் காட்டும் மூன்று கடிகாரங்கள், கண்ணாடி அலமாரியில் விமானக் கம்பெனிகள் கொடுத்துவிட்டுப் போன பொம்மை விமானங்கள். வாடிக்கையாளர் எதிரில் எந்தக் கம்பெனியையும் பெயர் சொல்லிக் குறை பேசக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதனால் பொம்மைகளின் வால் நிறத்தை வைத்து நாங்களே பெயரிட்டுக்கொண்டோம். பச்சை வால், நீல வால், கோடு வால். புதிதாக வந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "இங்க கிளி விக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

மேடத்தின் அட்டைகள் கீழ்க் கடையிலிருந்து வந்தவை. செருப்புப் பெட்டியின் மூடியை நான்காக வெட்டுவார். பளபளப்பான பக்கத்தில் பாதிச் செருப்பின் படம் இருக்கும். மறுபக்கத்தில் அவருடைய நெருக்கமான கையெழுத்து. தேதி, வால், வரிசை எண், பயணியின் உயரம். அதற்குக் கீழே பயணி சொன்னது சொன்னபடியே. 'முன்னால் இருந்தவர் சாய்ந்தார், என் சாப்பாடு என் தாடைக்கு வந்தது.' 'தலை வைக்கும் இடம் என் தலைக்கு ஒரு சாண் மேலே.' 'தண்ணீர் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது பழச்சாறு வந்தது.' 'பணிப்பெண் கோபப்படவில்லை, ஆனால் கோபப்படாமல் இருக்கிறேன் என்று காட்டினார்.' இந்தக் கடைசி அட்டையை நாங்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம்.

பயணம் போகிறவருக்கு இன்னொரு சோதனை உண்டு. இரண்டு நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, முதுகுக்கும் முதுகுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து, பின்னால் இருப்பதில் உட்காரச் சொல்வார்.

"இது முப்பத்தொரு இஞ்ச். நீல வால். இருங்க, இப்போ முப்பத்திமூணு வைக்கிறேன். இது பச்சை வால்."

பருத்த உடம்புக்காரரான ஒரு கட்டட மேஸ்திரி இரண்டிலும் உட்கார்ந்து எழுந்தார். "ரெண்டு இஞ்சுக்கா இவ்வளவு பாடு, மேடம்?"

"இப்போ தெரியாது சார். ஒன்பதாவது மணி நேரத்துல தெரியும்."

நெடும்பயணங்களுக்கு அவருடைய தீர்ப்பு பல வருடமாக மாறவில்லை. காலுக்குப் பச்சை வால், வயிற்றுக்கு நீல வால். பச்சை வாலில் இடம் தாராளம், மெத்தை தடிமன், ஆனால் முதல் சாப்பாட்டுக்குப் பிறகு பணியாளர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். நீல வாலில் நெருக்கம், ஆனால் மணியடித்தால் ஆள் வரும். வால் எதுவானாலும் கடைசி வரிசை மட்டும் கூடாது. சாய்க்க முடியாது, கழிவறைக்கு நிற்பவர்கள் தோளில் இடிப்பார்கள், சாப்பாட்டு வண்டி வரும்போது பிடித்தது தீர்ந்திருக்கும். "எனக்கு ஆகாதவங்களுக்குக்கூட அந்த வரிசையைக் கொடுக்க மாட்டேன்" என்பார்.

இத்தனையும் சொன்ன மனிதர் விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை. ஒரு கம்பெனி தன் புது விமானத்தைக் காட்டுவதற்காக டிக்கெட் அலுவலகக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஐம்பது நிமிடம் வட்டமடித்து இறக்கிவிட்டது. அன்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. டேப்பை எடுத்து முன் இருக்கையை அளந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமைதோறும் பதினொன்றரை மணிக்கு அவருடைய அக்கா வெளிநாட்டிலிருந்து பேசுவார். மேடம் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. அக்காவின் குரல் ரிசீவரைத் தாண்டி என் மேஜை வரைக்கும் வரும், ஆகவே அந்தக் குடும்பத்தில் எனக்குத் தெரியாதது குறைவு. ஆறு வயது மூத்தவர். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் தங்கைக்குத் தலை பின்னி, பாடம் சொல்லி, பள்ளிக்கூட வாசலில் விட்டு வளர்த்தவர். கல்யாணமாகிப் போனவர் பிறகு எப்போதாவதுதான் வந்தார். கடைசியாக வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. நடுவில் கணவர் இறந்தார். அடுத்து முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்து, அறுவை செய்து, அதுவும் சரியாகக் கூடிவரவில்லை.

ஒரு புதன்கிழமை அக்கா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"குட்டி, நான் அங்கேயே வந்துடறேன்டி. இங்க யாருகிட்ட பேசறது, பிரிட்ஜுகிட்டயா?"

"வாயேன். யாரு வேணாம்னா?"

"எப்படி வர்றது? முக்கால் மணி நேரத்துக்கு மேல சேர்ந்தாப்ல உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பதினாலு மணி நேரம்டி. ஊருக்கெல்லாம் சீட்டு பார்த்துக் கொடுக்கறியே, எனக்கு ஒண்ணு பாரு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. மாசக் கடைசிக்குள்ள வீட்டு ஓனர் பதில் கேட்டிருக்கார். இன்னும் மூணு வருஷத்துக்கு வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு இங்கேயே கிடக்கறேன்."

முன் வகுப்பில் படுத்துக்கொண்டு வரும் வசதி அக்காவுக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசவும் இல்லை. மூன்று வருடம் கழித்து அந்த முதுகு எந்த நிலையில் இருக்கும் என்பதைப் பற்றியும் பேசவில்லை. மேடம் ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் தொலைபேசியிலேயே சோதனை நடந்தது. சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, முப்பத்திமூன்று அங்குலம் அளந்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துத் தானே கூப்பிட்டார்.

"என்னக்கா, உட்கார்ந்திருக்கியா?"

"உட்கார்ந்துதான் இருக்கேன். ஒண்ணும் தெரியல. இப்படியே சாயங்காலம் வரைக்கும் இருப்பேன் போலிருக்கு."

"குழாய்ல தண்ணி ஓடற சத்தம் கேக்குது."

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை நீ கழுவறியா?"

மறுமுனையில் குழாய் நின்றது. "நாற்பது நிமிஷம்டி," என்றார் அக்கா, குரல் இறங்கி. "அதுக்கப்புறம் கால் மரத்துப் போச்சு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு பார்த்தேன்."

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மேடம் செருப்புப் பெட்டிகளைத் தரையில் இறக்கினார். நான் விசா பாரங்கள் நிரப்புகிறவன். எழுத்துகளையும் எண்களையும் சரிபார்ப்பதில் பழக்கம் உண்டு என்பதால் என்னையும் உட்கார வைத்தார். அந்த ஊரிலிருந்து நிற்காமல் வருவது பச்சை வாலும் நீல வாலும் மட்டும்தான். இரண்டு குவியல் போட்டோம். இடுப்பு, முதுகு என்று எழுதிய அட்டைகளைத் தனியே எடுத்தோம். பச்சை வால் ஜெயிக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான்காம் நாள் வரை அதுதான் ஜெயித்துக்கொண்டும் இருந்தது.

நான்காம் நாள் எலக்ட்ரீஷியன் ஒருவரின் இரண்டு அட்டைகள் என் கையில் ஒட்டிக்கொண்டு வந்தன. இரண்டும் பச்சை வால். இரண்டும் இருபத்தாறாம் வரிசை. போகும்போது 'சோபா மாதிரி, கால் நீட்டித் தூங்கினேன்' என்றிருந்தது. எட்டு மாதம் கழித்து வரும்போது 'வெறும் பலகை, இடுப்பு ஒடிந்தது.'

"இது எப்படி மேடம்? ஒரே சீட்டு."

வாங்கிப் பார்த்தார். உடனே அவருக்குத் தொலைபேசி போட்டார். எலக்ட்ரீஷியனுக்கு அந்தப் பயணங்கள் நன்றாக நினைவிருந்தன.

"மேடம், போறப்ப வேலைக்குப் போனேன். வர்றப்ப வேலை போயி வந்தேன். சீட்டை யாரு பார்த்தா?"

மேடம் நன்றி சொல்லி வைத்தார். பிறகு அட்டைகளைக் கலைத்து, போனவர்கள் ஒரு பக்கம், திரும்பியவர்கள் ஒரு பக்கம் என்று அடுக்க ஆரம்பித்தார். தெரிந்த முகங்கள்தானே, யார் எதற்குப் போனார், எதற்காகத் திரும்பினார் என்பது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. பேத்தி பிறந்ததற்குப் போன அம்மாள் நீல வாலின் முப்பத்தொரு அங்குலத்தில் 'வசதியாக இருந்தது' என்றிருந்தார். அண்ணனின் சாவுக்கு வந்தவர் பச்சை வாலின் நல்ல வரிசையில் 'கழுத்தைத் திருப்ப முடியவில்லை' என்றிருந்தார். எங்கள் ஊரிலிருந்து சந்தோஷமாக வேலைக்குப் புறப்படுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் பச்சை வாலில்தான் போனார்கள், நாங்களே அனுப்பியவர்கள். பச்சை வால் ஜெயித்த கதை அதுதான்.

"இருபது வருஷமா சீட்டைப் பத்தி எழுதறேன்னு நினைச்சேன் தம்பி," என்றார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடிப் பைக்குள் வைத்தார்.

அடுத்த புதன்கிழமை அக்காவிடம், "பார்த்துக்கிட்டு இருக்கேன், இரு" என்று மட்டும் சொன்னார். அக்காவும் அவசரப்படுத்தவில்லை. "கிடைக்கலேன்னா பரவாயில்லடி, பிரிட்ஜ் நல்ல பிரிட்ஜ்தான்" என்றார். மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் பயணத் தேதி மாற்ற வந்தார். நாற்காலியைக் காட்டினேன். "வேணாங்க, உட்கார்ந்தா அழுவான்" என்று நின்றபடியே உடம்பை ஆட்டிக்கொண்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மேடம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நீங்க வந்தப்ப விமானத்துல எப்படி சமாளிச்சீங்க?"

"அங்கேயும் இதே கதைதான். நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

"எங்கே நின்னீங்க?"

இந்தக் கேள்வியை மேடம் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது, அதில் சாய்ந்துகொள்ளலாம். குளிர் அடிக்கும், சால்வை வேண்டும். அங்கே நிற்கும் பணிப்பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களில் ஒருவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க" என்றுகூடச் சொன்னார்.

"எந்த வால்... எந்தக் கம்பெனி?"

நீல வால்.

அன்று மதியம் மேடம் பெட்டிகளைத் தொடவில்லை. பழைய பதிவேட்டைப் பிரித்து, கைக்குழந்தையோடு பயணம் செய்த தாய்மார்களின் எண்களைத் தேடி எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சுகமாக இருந்ததா என்று யாரிடமும் கேட்கவில்லை. எங்கே நின்றீர்கள், எவ்வளவு நேரம், யார் விரட்டினார்கள் என்று மூன்றே கேள்வி. ஒன்பது பேர் கிடைத்தார்கள். சந்தோஷமாகப் போனவர்களும் இருந்தார்கள், அழுதுகொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். நின்ற இடத்தை ஒருவரும் மறந்திருக்கவில்லை. பச்சை வாலில் கடைசி வரிசையை அடுத்து ஒரு திரை, அதைத் தாண்டினால் "உங்க சீட்டுக்குப் போங்க" என்றுதான் பேச்சு என்று நாலு பேர் சொன்னார்கள். நீல வாலில் வந்த ஐந்து பேரும் அந்த விளிம்பைச் சொன்னார்கள். ஒருவருடைய குழந்தைக்கு இப்போது பதினான்கு வயது.

"தம்பி, அக்காவுக்கு உட்கார இடம் தேடினேன் பாரு," என்றார் மேடம், நெற்றியில் தட்டிக்கொண்டு. "அவளுக்கு நிக்க இடம்தானே வேணும்."

நீல வாலில் கடைசி வரிசை, நடைவழி ஓரத்து இருக்கையைப் பதிவு செய்தார். அங்கிருந்து எழுந்தால் யாரையும் தாண்ட வேண்டாம், இரண்டே எட்டில் கதவோரம். அக்காவுடைய முதுகு சாயவும் கூடாது, நேராகத்தான் இருக்க வேண்டும். பதிவில் பணியாளர்களுக்கான குறிப்பு எழுதும் இடத்தில், மூன்று தடவை அடித்துத் திருத்தி, 'இவர் அடிக்கடி எழுந்து பின்பக்கம் நிற்க வேண்டியவர், தயவுசெய்து அனுமதிக்கவும்' என்ற பொருளில் எழுதி அனுப்பினார். அதற்கு மேல் கம்பெனி அதிகாரியிடம் தொலைபேசியில் பேசி, குறிப்பு போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை கேட்டார்.

புதன்கிழமை அக்காவின் குரல் கீழே செருப்புக் கடை வரைக்கும் போயிருக்கும்.

"கக்கூஸ் பக்கமா? ஊருக்கெல்லாம் சோபா, கூடப் பிறந்தவளுக்குக் கக்கூஸா?"

"அக்கா, சொல்றதைக் கேளு."

"எனக்கு ஆகாதவங்களுக்குக்கூடக் கொடுக்க மாட்டேன்னு நீதானேடி சொல்லுவே? அப்போ நான் யாரு?"

"நீ உட்காரப் போறதே இல்ல. சீட்பெல்ட் போடச் சொல்றப்ப மட்டும்தான் உட்காருவே. மத்த நேரம் பின்னாடி போயி நில்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொன்னா?"

மேடம் கொஞ்சம் தயங்கினார். அவருடைய வாழ்க்கையில் அவர் யாருக்கும் இப்படி ஒரு இருக்கை கொடுத்ததில்லை. இதற்கு அட்டையும் கிடையாது. "சொன்னா, கைக்குழந்தை வச்சிருக்கற மாதிரி நில்லு," என்றார். மறுமுனையில் நீண்ட சிரிப்பு கேட்டது. வீட்டு ஓனருக்குக் காலி செய்கிறேன் என்று பதில் போயிற்று.

பயண நாளன்று காலை பத்து மணிக்கு மேடம் அலுவலகம் வந்தபோது விமானம் கிளம்பி எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. சுவரில் இருந்த மூன்று கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளருக்கு ஊர் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்து, நான் ஓடிப்போய்ப் படியில் பிடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. "இப்போ ஒன்பதாவது மணி நேரம்" என்றார் ஒரு தடவை, யாரிடமும் சொல்லாமல். மூன்று மணிக்கு முதலாளியே எழுந்து வந்து, "நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. இங்க இருந்தா என்னையும் தப்பான ஊருக்கு அனுப்பிடுவீங்க" என்றார்.

விமான நிலையத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீல வாலின் காகிதப் பட்டை கட்டிய பெட்டிகள் வெளியே வர ஆரம்பித்தன. அக்காவுக்கும் ஒன்று சொல்லி வைத்திருந்ததால், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள் மூன்று பேர் உள்ளே போனதை மேடம் எண்ணி வைத்திருந்தார். ஒன்று வெளியே வந்தது, ஒரு முதியவர். இரண்டாவதில் காலில் கட்டுப் போட்ட ஒருவர். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது நாற்காலி வரவில்லை.

கடைசியில் மூன்றாவது நாற்காலி வந்தது. அதில் ஒரு பழுப்பு நிறப் பையும் ஒரு சால்வையும் உட்கார்ந்திருந்தன. அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, குட்டையான, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி நடந்து வந்தார். நாற்காலி தள்ள வேண்டிய பணியாளர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

மேடம் அழுவார் என்று நினைத்தேன். "எவ்வளவு நேரம் உட்கார்ந்தே?" என்றுதான் கேட்டார்.

"மூணு மணி நேரம் இருக்கும், அதுவும் துண்டு துண்டா. மத்த நேரமெல்லாம் பின்னாடிதான். கோப்பை அடுக்கிக் கொடுத்தேன், அந்தப் பொண்ணுங்களோட கதையெல்லாம் கேட்டேன். ஒருத்திக்கு மாமியார் சரியில்ல, பாவம்." அக்கா மூச்சு வாங்கினார். "என் சீட்டுல பக்கத்துப் பொண்ணு குழந்தையைப் படுக்க வச்சிருந்தா. வழியெல்லாம் தூங்குச்சு. நல்ல சீட்டுடி அது."

பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் சால்வையை மடிக்கிற மாதிரி நின்றேன்.

வெளியே டாக்ஸி காத்திருந்தது. கதவைத் திறந்து பிடித்தேன். அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல வேற உட்காரணுமா? வீடு எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர்," என்றார் மேடம்.

"பெட்டி போகட்டும். நாம நடந்தே போலாம். உடம்பு தாங்கலேன்னா ஏறிக்கறேன்."

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் லேசாகிறது. விமான நிலையச் சாலையின் ஓரமாக அக்காவும் தங்கையும் முன்னால் நடந்தார்கள். அக்காவின் கை தங்கையின் தோளில் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்று, பேச்சை நிறுத்தாமலே இளைப்பாறி, மறுபடி நடப்பார்கள். பின்னால் டாக்ஸி ஊர்ந்தது. முழுப் பின்னிருக்கையிலும் நான் ஒருவன்தான், கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

"ஏன் சார், அவங்க ஏறவே மாட்டாங்களா?" என்றார் டிரைவர்.

"இப்போதைக்கு மாட்டாங்க. மெதுவாப் போங்க."

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும் சார்."

வளைவுக்கு முன்னால் அக்கா திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, அந்தப் பழுப்புப் பையில தண்ணி பாட்டில் இருக்கும், எடு. இறங்கறப்ப அந்தப் பொண்ணுங்க கையில நாலு கொடுத்து அனுப்பினாங்க." ஒன்றை எனக்குக் கொடுத்தார், ஒன்றை டிரைவருக்கு. மீதி இரண்டையும் எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனார்.